ஹற்றன் மாமிக்குப் பயணம் சொல்லப் போன நாள்

போன மழைக்குக் களனி கங்கை பெருகி, கொலன்னாவையில் என் சிநேகிதன் வீட்டு வாசல்வரை தண்ணீர் வந்துவிட்டது. மணல் மூட்டை அடுக்க ஆள் வேண்டும் என்று கூப்பிட்டான். போனேன். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். மூட்டை எனக்குப் புதிதல்ல. ஆனால் நனைந்த சாக்கின் மணம் மூக்கில் ஏறியதும் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு மதிலைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிரஷர் என்று நினைத்துச் சிநேகிதன் ஒரு பிளேன்டீ கொண்டுவந்து தந்தான். பிரஷர் இல்லை. நனைந்த சாக்கு, அதற்குள் ஊறிய மண், கூடவே துவக்குக் குழலுக்குப் பூசும் எண்ணெய். எண்ணெய் அங்கே இல்லை. அதை என் மூக்கே சேர்த்துக்கொண்டது.

சண்டைக் காலத்தில் கொழும்பில் இருந்த தமிழருக்கு இதை விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன்: அந்த நாளில் றோட்டில் எங்கே மணல் மூட்டை அடுக்கியிருக்கிறதோ, அதற்குப் பின்னால் ஆமிக்காரன் நிற்பான். எங்களுடைய வயிறு முதலில் மூட்டையைக் காணும், பிறகுதான் கண் காணும்.

அப்போது எனக்கு வெள்ளவத்தையில் ஒரு வீட்டின் பின்னறை இருந்தது. நான் அதில் இருந்தது குறைவு. கொஞ்சக் காலம் கொட்டாஞ்சேனையில் லொறிக்குப் பின்னால், கொஞ்சக் காலம் புத்தளத்தில் உப்பளத்தில், பிறகு பம்பலப்பிட்டியில் ஒரு கடைக்கு வான் ஓட்டம். காலில் சில்லுப் பூட்டிப் பிறந்தவன் என்று அக்கா சொல்வாள். அந்த அக்காவின் மகள் தர்சினி, பதினேழு வயது, வவுனியாவிலிருந்து ஆமியிடம் பாஸ் எடுத்துக்கொண்டு வந்து சேர்ந்தாள். தகப்பன் பிரான்சில். விசா கிடைத்து, அடுத்த கிழமை பிளைட். விசா முடியும் தறுவாயில் இருந்தது. எங்கேயாவது பிடித்து இரண்டு மூன்று நாள் உள்ளே வைத்துவிட்டார்கள் என்றால் எல்லாம் போச்சு. திரும்ப முதலில் இருந்து தொடங்க வேண்டும், அதுவும் கிடைக்குமோ தெரியாது. ஆகவே பிளைட் நாள்வரைக்கும் பிள்ளையை வீட்டை விட்டு வெளியே விடுவதில்லை என்று நான் முடிவு எடுத்திருந்தேன். வீட்டுக்காரம்மா தன்னோடு படுக்க வைத்தாள். வடக்கிலிருந்து வந்து நிற்கிறவள் என்று பொலிசில் பதிந்தாயிற்று. எல்லாம் ஒழுங்கு.

அப்போதுதான் அக்கா போன் எடுத்தாள். ஹற்றனில் இருக்கிற செல்வமணி மாமிக்குப் பிள்ளையைக் கொண்டுபோய்ப் பயணம் சொல்லுவிக்க வேண்டுமாம்.

பயணம் சொல்லுதல் என்றால் எங்கள் ஆட்களிடையே சின்ன விஷயம் இல்லை. வெளிநாடு போகிறவர் நெருங்கிய சொந்தங்களின் வீட்டுக்குத் தானே போய், "போட்டு வாறன்" என்று சொல்லி, காலில் விழுந்து, திருநீறு வாங்க வேண்டும். விட்டுப்போன வீடு விட்டுப்போனதுதான். கலியாணத்துக்குக் கூப்பிட்டாலும் வரமாட்டார்கள். செல்வமணி மாமி தர்சினியின் தகப்பனுக்கு மூத்த அக்கா. தாயில்லாத தம்பியைச் சோறு தீத்தி வளர்த்தவ. தோட்டத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்தவரைக் கட்டிக்கொண்டு போனபிறகு ஹற்றனைவிட்டு இறங்கவில்லை.

நான் அக்காவிடம், இந்த நேரத்தில் அந்த றோட்டால் போவது விசர்வேலை, தொழிற்சாலைக்குப் போன் எடுத்து மாமியைக் கூப்பிட்டுச் சொன்னால் போதாதா என்று கேட்டேன்.

"போனில பயணம் சொல்லுறதோ? செத்தவீட்டையே ஆள் விட்டுத்தான் சொல்லுறம்" என்றாள் அக்கா. நான் வான் தேடப் போனேன்.

கிடைத்தது என் கூட்டாளி, கொட்டாஞ்சேனைச் சேவியருடைய வான். துறைமுகத்தில் வேலை, எதையும் சமாளிக்கலாம் என்கிற முகம். வானைத் தந்ததோடு நிற்கவில்லை. முன்கண்ணாடியில் தன் செபமாலையையும் கொழுவிவிட்டு யோசனையும் தந்தான். "மச்சான், கேட்டா வேதக்காரர் எண்டு சொல்லு. ஹற்றனில அந்தோனியார் கோயிலுக்குப் போறம் எண்டு சொல்லு. அவங்களுக்கும் அந்தோனியார் எண்டா ஒரு பயம்." கொழும்பில் எல்லாச் சமயத்து ஆட்களும் செவ்வாய்க்கிழமை அந்தோனியாரிடம் போகிறவர்கள்தானே, எனக்கும் நல்ல யோசனையாகத்தான் பட்டது.

விடியவே வெளிக்கிட்டோம். வழியில் தர்சினிக்குப் பாடம் நடத்தினேன். பொட்டை அழி. ஆமிக்காரன் கேட்டால் நான் கதைக்கிறேன், நீ வாய் திறக்காதே. நாங்கள் வேதக்காரர். அவள் பொட்டை அழித்தாள். பிறகு செபமாலையைப் பார்த்தாள்.

"சாமியையும் மாத்தச் சொல்லுறீங்களோ மாமா? நான் அப்படிச் சொல்லமாட்டன்."

"நீ ஒண்டும் சொல்லத் தேவையில்லை. சும்மா இரு, அதுவே காணும்."

அவிசாவளை தாண்டியதும் பிள்ளை ஆளே மாறிவிட்டாள். வன்னியில் பிறந்தவள், மலையைப் படத்தில்தான் கண்டவள். கித்துல்கலையில் ஆறு றோட்டோடு கூடவே ஓடியது. அதற்கு மேலே ஏறஏற மேகம் வானுக்குள் வந்தது. யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டி மேகத்தைப் பிடித்துப் பார்த்தாள். "ஈரமா இருக்கு மாமா, சும்மா ஈரம்" என்று ஏமாற்றத்தோடு சொன்னாள். பாலம் வந்தால் நிற்பாட்டச் சொன்னாள், றப்பர் மரம் கண்டால் நிற்பாட்டச் சொன்னாள், மங்குஸ்தான் விற்கிற கடையில் நிற்பாட்டச் சொன்னாள். நான் நிற்பாட்டவில்லை. ஒவ்வொரு வளைவிலும் மூட்டை இருக்கிறதா என்று பார்ப்பேன். இல்லாவிட்டால் அடுத்த வளைவு. அந்த றோட்டில் எத்தனை வளைவு என்று போனவர்களுக்குத் தெரியும்.

கினிகத்தேனைக்குக் கொஞ்சம் முன்னால், ஒரு வளைவு திரும்பியதும் மூட்டைகள். மழையில் ஊறிக் கறுத்திருந்தன. இளம் ஆமிக்காரன் ஒருவன் கையை நீட்டினான்.

இங்கே என் சிங்களத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அது புறக்கோட்டையில் மூட்டை தூக்கிப் படித்த சிங்களம். வேகமாக வரும், ஆனால் மரியாதை வராது. ஒவ்வொரு சொல்லையும் வாய்க்குள் கழுவித்தான் வெளியே விடவேண்டும். அதனால் நான் ஆமிக்காரரோடு கதைத்தால் எப்போதும் யோசித்துப் பொய் சொல்கிறவன் மாதிரியே இருக்கும். அன்றைக்கு உண்மையிலேயே பொய்தான்.

அவன் அடையாள அட்டைகளை வாங்கினான். என்னுடையது கொழும்பில் எடுத்தது, சிங்களம் மட்டும். தர்சினியுடையதில் தமிழும் இருந்தது. வடக்கு என்று அதைப் பிடிக்கிற கைக்கே தெரியும். எங்கே போகிறீர்கள் என்றான். அந்தோனியார் பெருநாளுக்கு என்றேன். அவன் செபமாலையைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான்.

"அந்தோனியார் பெருநாள் ஜூனில்" என்றான்.

நாங்கள் போனது ஐப்பசியில், மாரி தொடங்கிய பிறகு. அவன் சிலாபத்துக் கத்தோலிக்கன் என்பது பிறகுதான் தெரிந்தது. சேவியர் சொல்லித் தந்தது கோயில்; அதைப் பெருநாள் ஆக்கினது நான். சேவியருக்கு அந்தோனியாரைத் தெரியும்; எனக்குத் தெரியாது என்பதை நாங்கள் இருவரும் யோசிக்கவில்லை. எனக்கு வேறு ஒரு புனிதருடைய பெயர்கூட வாயில் வரவில்லை. வான் எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அதையும் நிற்பாட்டச் சொன்னான்.

மூட்டைக்குப் பின்னாலிருந்து பெரியவன் ஒருவன், தோளில் பட்டியோடு, வந்தான். என்னை விட்டுவிட்டுப் பிள்ளையிடம் கேட்டான். அவளுக்குச் சிங்களம் தெரியாது. ஆனால் கேள்வி என்னவென்று விளங்கியிருக்கவேண்டும். ஆங்கிலத்தில், பள்ளிக்கூடத்தில் பாடம் ஒப்பிப்பது மாதிரி, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்: நான் பிரான்சுக்குப் போகிறேன். என்னுடைய மாமிக்குச் சொல்லிவிட்டுப் போக வந்தேன். அந்தச் செபமாலை எங்களுடையது இல்லை.

எனக்குக் காது அடைத்துவிட்டது. பிளைட் போச்சு, விசா போச்சு, அக்காவுக்கு என்ன முகத்தோடு போன் எடுப்பேன். அதுகூடப் பரவாயில்லை, பிள்ளையை எங்கே கொண்டுபோவார்கள். அந்த நாளில் கொண்டுபோன எல்லாரும் திரும்பி வரவில்லை.

எங்களை இறக்கினார்கள். அட்டைகள் கொட்டிலுக்குள் போயின. பிள்ளையை வாங்கில் இருக்க வைத்தார்கள். என்னை மூட்டையைப் பார்த்தபடி, கைகள் தெரிய நிற்கச் சொன்னார்கள். மழை பெய்தது. உள்ளே யாரோ வயர்லெஸ்ஸில் அவளுடைய அட்டை இலக்கத்தை வாசிப்பது கேட்டது, நிற்பதும் கேட்டது, திரும்ப வாசிப்பதும் கேட்டது. சாக்கின் மணம் என் மூக்குக்குள் ஊறிய நேரம் அதுதான். தர்சினி விறைத்துப்போய் இருந்தாள். அப்படித்தான் நான் நினைத்தேன்.

சிலாபத்துக்காரன் என் பக்கத்தில் வந்து நின்றான். மெல்லக் கேட்டான், உண்மையாகவே சொல்லிவிட்டுப் போகத்தானா வந்தீர்கள் என்று. ஓம் என்றேன். அவனுடைய அக்கா குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனாளாம். போகமுதல் வெற்றிலை எடுத்துக்கொண்டு சொந்தக்காரர் வீடெல்லாம் ஏறி இறங்கினாளாம். ஒரு வீட்டை விட்டுவிட்டாளாம்.

"இன்னும் கதைக்கிறதில்லை" என்றான். சிரிக்கவும் இல்லை.

அவன் உள்ளே போய் ஏதாவது சொன்னானா, வயர்லெஸ் பதில் வந்ததா, மழையில் எங்களை வைத்துக்கொண்டிருக்க அவர்களுக்கு அலுத்துவிட்டதா, எனக்கு இன்றைக்கும் தெரியாது. பெரியவன் அட்டைகளை நீட்டி, இருட்டமுதல் இதே றோட்டால் திரும்பவேண்டும் என்றான். சிலாபத்துக்காரன் தர்சினியைப் பார்த்து, "கிஹின் என்ன நங்கி" என்றான். போட்டு வா தங்கச்சி. அவளுக்கு அது விளங்காமல் என்னைப் பார்த்தாள். வானை எடுத்து மூன்று வளைவு தாண்டி, ஓரமாக நிறுத்தி, இறங்கிச் சத்தி எடுத்தேன். பிள்ளை முதுகைத் தடவிவிட்டாள்.

"சொன்னது பிழையோ மாமா?"

"இல்லை" என்றேன். அது உண்மையா பொய்யா என்று எனக்கே தெரியாது.

செல்வமணி மாமி எங்களைக் கண்டதும் நெஞ்சில் கையை வைத்தா. "உனக்கென்ன மூளை கலங்கிப் போச்சோ? இந்தக் காலத்தில குமர்ப்பிள்ளையை இந்த றோட்டால ஏத்திக்கொண்டு வாறியோ? ஒரு போன் எடுத்திருக்கலாமே" என்று எனக்கு வாசலிலேயே பேச்சு. நான் வெட்கமில்லாமல் கேட்டேன், அப்படியென்றால் வராமல் விட்டிருந்தால் கோபிக்க மாட்டீங்களோ என்று.

"சாகும்வரைக்கும் உங்கடை முகத்தில முழிச்சிருக்கமாட்டன்" என்றா மாமி, திருநீற்றை எடுக்கப் போய்க்கொண்டே.

தர்சினி விழுந்து கும்பிட்டாள். மாமி தூக்கி நிறுத்தி, நெற்றி நிறையப் பூசி, தம்பியின் சாடை மூக்கில் இருக்கிறது என்று மூக்கைப் பிடித்துப் பார்த்தா. சோறும் கீரையும் கோழிக்கறியும். பிள்ளை இரண்டு தரம் போட்டுச் சாப்பிட்டாள். எனக்கு ஒரு பருக்கை இறங்கவில்லை. திரும்பிப் போகிற றோட்டை நினைத்து மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

திரும்பும்போது அந்த இடத்தில் வேறு ஆட்கள் நின்றார்கள். பார்க்காமலே கையைக் காட்டிப் போகவிட்டார்கள். அவ்வளவுதான். அடுத்த கிழமை தர்சினி பிளைட் ஏறினாள். அவள் போய் இறங்கியதாகப் போன் வரும்வரை நான் வெள்ளவத்தையை விட்டு அசையவில்லை. என் வயதில் நான் ஓரிடத்தில் ஒட்டி இருந்த கிழமை அது ஒன்றுதான்.

மாமி இப்போது இல்லை. மாமி இருந்த கிளாக்கர் குவார்ட்டர்ஸை இடித்துவிட்டார்கள். சேவியர் குடும்பத்தோடு இத்தாலிக்குப் போய்விட்டான். எனக்குச் செய்தி வந்தது அங்கே போன பிறகு, போனில், ஒரு படமாக. நான் கோபிக்கவில்லை. இப்போது யார் யாருக்குப் பயணம் சொல்கிறார்கள்.

அண்மையில் தர்சினி போனில் கதைத்துக்கொண்டிருந்தபோது, எங்களை மறித்து வைத்த இடத்தில் இருந்த நீர்வீழ்ச்சி இப்பவும் இருக்கிறதா என்று கேட்டாள். அங்கே நீர்வீழ்ச்சி ஏது என்றேன். இருந்தது மாமா, நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தனான் என்றாள். பயத்தில் வேறு இடத்தை நினைக்கிறாய் என்று சொன்னேன். அவள் விடவில்லை. நானும் விடவில்லை.

பிறகு ஒரு நாள் ஹற்றன் பஸ்ஸில் ஏறிப் போய் அந்த வளைவில் இறங்கினேன். மூட்டைகள் இல்லை, கொட்டில் இல்லை, வாங்கு இல்லை. சோளம் அவிக்கிற கடை ஒன்று. மூட்டை இருந்த பக்கத்தைப் பார்த்துக்கொண்டு, அன்றைக்கு நின்றது மாதிரியே நின்றேன். முதுகுக்குப் பின்னால் பெரிய இரைச்சல். திரும்பினேன். றோட்டின் மறுகரையில், மலையின் உச்சியிலிருந்து பாறையெல்லாம் வெள்ளையாக இறங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்ற ஆளோடு கதைப்பதானால் சத்தம் போட்டுத்தான் கதைக்கவேண்டும். அத்தனை சத்தம். சிலாபத்துக்காரன் மெல்லக் கேட்டதாகத்தான் எனக்கு ஞாபகம்.