சுத்தத் தண்ணீர் கேட்ட தணிகாசலம்

மாகறல் தணிகாசலம், பக்கத்து வீட்டுப் பசு கன்று போட்டாலும் வயிறெரிகிற ஆள். எண்பத்தெட்டாம் வருஷம் பங்காளி ஏகாம்பரம் மேட்டு நிலத்தில் குட்டை வெட்டி நன்னீர் இறால் வளர்த்தபோது அவருக்குச் சோறே இறங்கவில்லை. குட்டையிலிருந்து திறந்துவிட்ட பச்சைத் தண்ணீர் அவருடைய கழனியில்தான் பாய்ந்தது. அடியுரமே போடாமல் நெல் கொத்துக் கொத்தாகத் தூர் கட்டியது. “எல்லாம் நம்ம கைராசி” என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டார்.

ஆனாலும் இறால் லாரி ஏறுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பஞ்சாயத்தைக் கூட்டி, “இவன் சாக்கடைய என் கழனில வுட்டுக்கினு கீறான், எனுக்கு சுத்தத் தண்ணிதான் வோணும்” என்று குதித்தார்.

ஏகாம்பரம் மறுநாளே வேலையில் இறங்கினார். கழிவுநீரைத் தனிக் குழியில் தேக்கிச் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றினார். தண்ணீரிலிருந்த, பயிரைத் தூர் கட்டவைக்கும் மணிச்சத்து சுண்ணாம்போடு சேர்ந்து சேறாக அடியில் படிந்தது. தெளிந்த தண்ணீர் மட்டும் கழனிக்கு இறங்கியது.

அடுத்த போகத்தில் தணிகாசலத்தின் நெல் தூர் கட்டாமல் சவலையாய் நின்றது. குழிச் சேற்றை வாரிப் போட்ட ஏகாம்பரத்தின் கத்தரியோ காய்த்துத் தொங்கியது.

தணிகாசலம் மறுபடியும் பஞ்சாயத்தைக் கூட்டினார்.

“எனுக்கு வர வேண்டிய சாக்கடைய இவன் அமுக்கிக்கினான்!”