ஆடிட் பதில்

எங்கள் பனியன் கம்பெனிக்கு சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையர், தொழிலாளர்களை விசாரிக்க ஆடிட்டுக்கு ஆள் அனுப்புகிறார் என்றால் முதலில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். தையல் லைனில் இருப்பவர்களை கேன்டீனில் உட்காரவைத்து, வருகிறவர் என்ன கேட்பார், அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று பழக்கிவிடுவது என் வேலை. பொய் சொல்லச் சொல்ல மாட்டேன். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள், கூட ஒரு வார்த்தை வேண்டாம் என்பேன். நான் பழக்கிவிட்டவர்கள் யாரும் உளறியதில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

கொரோனா இரண்டாவது அலையில் கம்பெனி மூடிக் கிடந்தபோது, குழந்தைகள் நலக் குழுவுக்குத் தன்னார்வலர்கள் தேவை என்று கேள்விப்பட்டுப் பெயர் கொடுத்தேன். ஆதரவில்லாத பிள்ளைகளைச் சில குடும்பத்தார் தற்காலிகமாக வைத்து வளர்ப்பார்கள். ஊரடங்கில் அந்த வீடுகளுக்கு நேரில் போக முடியாது. வீடியோ காலில் பிள்ளையோடு பேசிப் பழகி, அதற்கு என்ன வேண்டுமோ அதைக் குழுவின் முன்னால் அதன் சார்பில் எடுத்துச் சொல்ல வேண்டும். நல்ல காரியம் என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் நானே பீற்றிக்கொண்டேன்.

எனக்குக் கொடுத்தது பத்து வயதுப் பெண். தூத்துக்குடிப் பக்கமிருந்து வந்து இங்கே நல்லூரில் பனியன் செக்கிங் வேலை பார்த்த அவள் அம்மாவைக் கொரோனா கொண்டுபோய்விட்டது. அப்பா எப்போதோ விட்டுப் போனவர். குன்னத்தூர்ப் பக்கம் தோட்டம் வைத்திருந்த, பிள்ளையில்லாத தம்பதி அவளை அழைத்துக்கொண்டார்கள். நான்கு வயதுத் தங்கை குழந்தைகள் இல்லத்திலேயே இருந்தாள். இப்போதைக்கு ஒரு பிள்ளை போதும், அப்புறம் பார்க்கலாம் என்று தம்பதி சொல்லியிருந்தார்கள். அதுவே முடிவு என்று நான் எடுத்துக்கொண்டேன்.

ஒவ்வொரு காலிலும் அவள் கேட்டது ஒன்றுதான், தங்கச்சி எப்போ வருவா. மாடு, கன்றுக்குட்டி, புதுப் பாவாடை என்று நான் எங்கே பேச்சை இழுத்துப்போனாலும் அங்கேயே வந்து நிற்பாள்.

இதற்குள் குழு வீடியோவில் விசாரணை வைத்தது. அவள் அந்த வீட்டிலேயே தொடரலாமா என்று முடிவெடுக்க வேண்டும். எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. இவள் தங்கச்சி தங்கச்சி என்று அழப்போய், இந்தத் தொல்லையே வேண்டாமென்று அவர்கள் கைவிரித்துவிட்டால் இருக்கிற இடமும் போய்விடுமே. எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். அவளைப் பழக்கினேன். எப்படி நிமிர்ந்து உட்கார வேண்டும், சாப்பாடு பற்றிக் கேட்டால் என்ன, படிப்பு பற்றிக் கேட்டால் என்ன என்று எல்லாம். அவளுடைய தெற்கத்திப் பேச்சில் இந்த ஊர் மரியாதைக்கு ‘ங்க’ சேர்க்கக்கூடச் சொல்லிக்கொடுத்தேன். தங்கச்சி பேச்சு அங்கேயும் வேண்டாம், வீட்டிலும் வேண்டாம் என்றேன்.

“பேசுனா உன்னையும் திருப்பி அனுப்பிருவாங்க கண்ணு.”

கண்ணு என்று வேறு சொன்னேன். நினைத்தால் இப்போதும் கூசுகிறது.

விசாரணையன்று எண்ணெய் வைத்துச் சீவி, தம்பதிக்கு நடுவில் உட்கார்ந்திருந்தாள். குழுவில் இருந்த அம்மா கேட்கக் கேட்கப் பதில்கள் கணீரென்று வந்தன. அடுத்து அந்த அம்மா நான் எதிர்பாராததைக் கேட்டார். தங்கையை வேறு மாவட்டத்தில் ஒரு குடும்பம் கேட்கிறது, அனுப்பலாமென்று இருக்கிறோம், நீ ஏதாவது சொல்ல வேண்டுமா என்றார். இதற்கு நான் பதில் கொடுத்திருக்கவில்லை. அவள் கண்கள் திரையில் என்னைத் தேடின. பிறகு, “எல்லாம் நல்லா இருக்குதுங்க” என்றாள்.

நல்ல பக்குவமான பிள்ளை என்று குழுவில் ஒருவர் மெச்சினார். மைக்கைப் போட்டு, “அது நான் சொல்லிக்கொடுத்த பதிலுங்க மேடம், தங்கச்சி வேணும்ங்கிறதுதான் அவ கேக்கறது” என்றேன். அத்தனை பேர் முன்னால் அதை ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் அவமானம் அதில் இல்லை, அடுத்து வந்ததில் இருந்தது. வளர்க்கிற அம்மா பேசினார்.

“மொதல்ல தங்கச்சி தங்கச்சின்னு சொல்லிட்டே இருந்துச்சுங்க. அப்புறம் வாயே தொறக்குலீங்க. மறந்திருச்சாட்ட இருக்குதுன்னு நாங்களும் உட்டுட்டோமுங்க. சின்னதையும் எங்கூட்டுக்கே அனுப்பீருங்க.”

அவர்கள் தயாராகத்தான் இருந்திருக்கிறார்கள். வாயை அடைத்தவள் நான். அந்தப் பிள்ளைக்காகப் பேசத்தான் என்னைப் போட்டிருந்தார்கள்.

தங்கை வந்து சேர்ந்தாள். பஸ் ஓட ஆரம்பித்ததும் நேரில் பார்க்கப் போனேன். தென்னை மரத்தடியில் இரண்டு பேரும் விளக்குமாற்றை வாரியல் என்கிற தங்கள் ஊர்ப் பேச்சில் ஏதோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் பெரியவள் பாவாடையைத் தட்டிவிட்டு நிமிர்ந்து நின்றாள். சாப்பாடு, தூக்கம், பள்ளிக்கூடம் எல்லாம் கேட்டேன். எல்லாவற்றுக்கும் ‘ங்க’ போட்ட பதில் வந்தது. ஏதாவது குறை இருக்கிறதா, அடிக்கிறார்களா, திட்டுகிறார்களா என்றேன். இல்லீங்க. அது உண்மையாகவே இருக்கலாம். அந்த வீட்டைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றியது. ஆனால் அவள் வாயிலிருந்து தெரிந்துகொள்ள எனக்கு இனி வழியில்லை.

கீழே உட்கார்ந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இங்கே யாரும் இல்லை, மனதில் இருக்கிறதை அப்படியே சொல்லு, யாரும் எங்கேயும் அனுப்ப மாட்டார்கள் என்றேன். என் முகத்தையே பார்த்தாள். எனக்கு உதவ வேண்டும் என்ற அக்கறை அவள் முகத்தில் தெரிந்தது.

“என்ன சொல்லணும்னு சொல்லுங்கக்கா,” என்றாள், “சொல்லிருதேன்.”