சீசன் இல்லாத மாதங்கள்

என் வீட்டுக்காரர் போலீஸில் இருந்தார். வருஷம் தவறாமல் ஆனி, ஆடியில் அவருக்குக் குற்றாலத்தில் சீசன் டியூட்டி விழும். பூட்ஸும் விசிலுமாக அருவிக்கரையில் நின்று கூட்டத்தை வரிசையில் விட வேண்டும். சாரலில் யூனிபார்ம் நனையுமே தவிர குளிக்க முடியாது. டியூட்டி முடிந்து சுரண்டை வீட்டுக்கு வந்ததும் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து, "ரிட்டயர் ஆனா அங்கனதான். மலையைப் பாத்து ஒரு வீடு" என்பார். முப்பது வருஷம் இதையே சொன்னார். உனக்குப் பிடிக்குமா என்று ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சொன்னபடியே ரிட்டயர் ஆனதும் குற்றாலத்துக்குப் பக்கத்தில் இலஞ்சிக்கு மேற்கே, வயலை ஒட்டி மனை வாங்கிக் கட்டினார். தை மாதம் பால் காய்ச்சினோம்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூச்சு இளைப்பு உண்டு. சுரண்டையில் இருந்தவரை வருஷத்துக்கு ஒன்றிரண்டு தடவை வரும், மாத்திரையில் அடங்கிவிடும். புது வீட்டிலும் மாசி முடிகிறவரை தொந்தரவில்லை. பங்குனி பிறந்த பிறகுதான் நாங்கள் எங்கே வந்திருக்கிறோம் என்று தெரிந்தது.

அவர் பார்த்த குற்றாலம் ஆனி, ஆடிக் குற்றாலம். பங்குனியை அவரும் பார்த்ததில்லை. விடிகிற நேரத்தில் துண்டால் காதை மூடிக்கொண்டுதான் வாசல் தெளிப்பேன், அப்படிப் பனி. பத்து மணிக்கு மேல் தார் ரோடு கொதிக்கும். மூன்று மணிக்கு மலை உச்சி கறுக்கும். செங்கோட்டைப் பக்கமிருந்து காற்று கிளம்பி, பக்கத்துத் தோப்பு மாம்பூவையும் புழுதியையும் அள்ளிக்கொண்டு வந்து கூடத்தில் கொட்டும். மழை இருபது நிமிஷம் அடித்துவிட்டு நிற்கும். உடனே வெயில் வந்து தரையெல்லாம் ஆவி பறக்கும். மறுநாள் இடி மட்டும் இடித்துவிட்டுப் போகும். அதற்கு மறுநாள் புழுக்கம். வானம் மாறுவதற்கு முன்பே என் நெஞ்சுக்குத் தெரிந்துவிடும். ராத்திரியெல்லாம் தலையணையை மடியில் வைத்து உட்கார்ந்தே இருப்பேன்.

"எல்லாம் மனசுதான். சுரண்டையை விட்டு வர உனக்கு இஷ்டமில்ல, அதான் இழுத்துக்கிட்டுக் கிடக்க" என்பார் அவர்.

அந்த வருஷத்தை எப்படியோ தள்ளினேன். அடுத்த பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார், தன் புருஷன் பிள்ளைகளோடு வந்தாள். காலையில் நானும் அவரும் காரில் தென்காசிக்குப் போய்க் கறி வாங்கி வந்தோம். வந்த அவசரத்தில் என் கைப்பையைக் காரிலேயே விட்டுவிட்டேன். இன்ஹேலர் அதில்தான் இருந்தது. சமைத்து, எல்லாரும் சாப்பிட்டு முடிக்கும்போது மலை கறுத்தது. காற்றும் மழையும் சேர்ந்து வந்தன. மழை விட்டதும் யாரோ அவருக்குப் போன் பண்ணி, ஐந்தருவியில் தண்ணீர் விழுகிறது என்று சொன்னார்கள். சீசன் இல்லாத மாதத்தில் தண்ணீர் என்றதும் வீடே துள்ளியது. துண்டு, எண்ணெய், மாற்றுத்துணி என்று ஆளுக்கொன்றாக எடுத்தார்கள்.

எனக்கு அதற்குள் மூச்சு இறுக ஆரம்பித்திருந்தது. "எனக்கு முடியல. யாராவது ஒருத்தர் கூட இருங்களேன்" என்றேன்.

நாத்தனார் நின்றாள். "மைனி, நான் வேணா இருக்கட்டுமா?"

"நீ வா. அவளுக்கு இது வழக்கம்தான்" என்றார் அவர். பிறகு எல்லாருக்கும் கேட்கிற மாதிரி, "ஊரு உலகமே இந்தக் காத்துக்கு ஏங்கிக்கிட்டு வருது. எங்க வீட்டு மகாராணிக்கு மட்டும் ஒத்துக்கலையாம்" என்றார்.

எல்லாரும் சிரித்தார்கள். நாத்தனாரும் சிரித்துவிட்டுத்தான் காரில் ஏறினாள்.

கார் போன பிறகுதான் பை ஞாபகம் வந்தது. போன் பண்ணினேன். ஆறு தடவை மணி அடித்து நின்றது. நனைந்துவிடும் என்று போனைக் காரிலேயே வைத்துவிட்டு அருவிக்குப் போயிருக்கிறார். காம்பவுண்ட் சுவரைப் பிடித்துப் பிடித்துப் பக்கத்து வீட்டுக்கு நடந்தேன். இருபதடிதான் இருக்கும். இரண்டு இடத்தில் உட்கார்ந்தேன். அந்த வீட்டில் தையல் மெஷின் வைத்திருக்கும் ஒரு பெண். அதுவரை அவளிடம் நான் பத்து வார்த்தை பேசியிருக்க மாட்டேன். என் உதடு நீலமாகியிருந்ததைப் பார்த்ததுமே ஸ்கூட்டியை வெளியே தள்ளினாள். வழியில் விழுந்துவிடுவேன் என்று பயந்து, தன் துப்பட்டாவால் என்னையும் தன்னையும் சேர்த்து இடுப்பில் கட்டினாள்.

"அக்கா, சாஞ்சுக்கிடுங்க. பேசாதீங்க. என் முதுகுல மூச்சு படுதான்னு மட்டும் பாத்துக்கிடுதேன்" என்றாள்.

தென்காசி ஆஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் வைத்து மருந்து கொடுத்தார்கள். அந்தப் பெண் என் போனிலிருந்து தகவல் சொல்லி, இருட்டுகிற நேரத்தில் அவர் வந்தார். தலை ஈரம், தோளில் துண்டு, உடம்பெல்லாம் எண்ணெய் வாசம்.

"ஒரு வார்த்தை சொல்லிருக்கலாம்லா?" என்றார்.

மாஸ்க்கைத் தூக்கி, "சொன்னேன்" என்றேன். அவர் டாக்டர் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"பங்குனியிலேருந்து வைகாசி வரைக்கும் இங்க ஒரே நாள்ல நாலு தடவை வெதர் மாறும். பூ, புழுதி வேற. இவங்களுக்கு இது ஆகாது. இந்த மூணு மாசமாவது வேற ஊர்ல இருக்கட்டும்" என்றார் டாக்டர். என் வீட்டுக்காரர் விறைப்பாக நின்று தலையாட்டினார். வீட்டுக்குப் போகும்போது காரில், "டாக்டர்னா ஏதாவது சொல்லத்தான செய்வான்" என்றார். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

அடுத்த மாசிக் கடைசியில் நானே பெட்டியைக் கட்டி, பஸ் ஏறி, ராயகிரியில் என் அக்கா வீட்டுக்குப் போனேன். நான் கிளம்பும்போது அவர் பின்பக்கம் நாற்காலி போட்டு மலையைப் பார்த்துக்கொண்டிருந்தார், எழுந்திருக்கவில்லை. இது நாலாவது வருஷம். ஆனி பிறந்ததும் திரும்பிப் போவேன். சாரல் பெய்யும்போது எனக்கும் அந்த வீடு பிடிக்கத்தான் செய்கிறது. அதை அவரிடம் சொல்லத்தான் மனசு வரவில்லை. சொந்தக்காரர்கள், புருஷனை மெஸ் சோற்றுக்கு விட்டுவிட்டுப் போகிறவள் என்று பேசுகிறார்கள்.

போன சித்திரையில் சுரண்டையில் நாத்தனார் மகள் கல்யாணம். பந்தியில் எனக்கு நேர் எதிர் வரிசையில் அவர். பக்கத்தில் இருந்தவர் எங்கள் வீட்டைப் பற்றிக் கேட்டார்.

"அவளுக்குத்தான் அண்ணாச்சி கட்டினேன்" என்று அவர் சொல்வது எனக்குக் கேட்டது. "இளைப்புக்காரி, நல்ல காத்து வேணும்லா. இருந்த துட்டையெல்லாம் போட்டு அங்கன கட்டினா, தங்க மாட்டேங்கா."

ஏறிட்டுப் பார்த்தேன். பொய் சொல்கிற முகமாக இல்லை அது. அப்படித்தான் நடந்தது என்று நம்பிவிட்டார். கேட்டவர் என்னைப் பார்த்து, என்னம்மா இப்படி என்பதுபோலத் தலையை ஆட்டினார். பந்தியை விசாரித்துக்கொண்டு வந்த நாத்தனார் காதிலும் அது விழுந்தது. "பாயசம் வைக்கட்டுமா மைனி?" என்று மட்டும் கேட்டாள்.

வேண்டாம் என்றேன். இலையை மூடிவிட்டுக் கை கழுவினேன். ராயகிரி பஸ்ஸுக்கு இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. யாரிடமும் சொல்லாமல் ஸ்டாண்டுக்கு நடந்தேன்.