இடப்பக்கத்துச் சீட்

இவ்வளவு வடிவான காருக்கு ஏன் இந்த இரும்பு வீல் என்று கேட்காத ஆள் வெள்ளவத்தையில் இல்லை. காலி வீதிச் சிக்னலில் நிற்கும்போது பக்கத்து மோட்டார் சைக்கிள்காரன் குனிந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குகிறான். எங்கள் பிளாட்டின் காவலாளிகூட ஒருநாள் சிங்களத்தில் புத்தி சொன்னார். இரண்டு கதவு, இரண்டு சீட், லைட்டைப் போட்டால் கண் முழித்து எழும்புகிற முன்பக்கம், முப்பது வயது தாண்டியும் மங்காத சிவப்பு. அதன் கீழே மாத்திரம் எவனோ வாடகை வான் ஒன்றிலிருந்து கழற்றிப் போட்ட கறுத்த இரும்பு. "எனக்கு விருப்பம், போட்டிருக்கிறன்" என்று முகத்தில் அடித்தமாதிரிச் சொல்லிவிட்டுப் போய்விடுவேன். உண்மையைச் சொல்ல ஒரு சிக்னல் நேரம் காணாது.

காரை வாங்கி வந்த அன்றைக்கே என் மனைவி அதற்குச் சக்களத்தி என்று பெயர் வைத்துவிட்டாள். "சக்களத்தி மழையில நனையிறா, போய்த் துடைச்சுவிடுங்கோ" என்பாள். பெண்கள் பாடசாலையில் கணிதம் படிப்பித்தவள், வாய்க்குக் குறைச்சல் இல்லை. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இரண்டு சீட் எங்களுக்குப் போதும்தானே என்று நான் யோசிக்காமல் சொல்லிவிட்டேன். அவள் கதவைத் திறந்து இடப்பக்கத்தில் ஏறி இருந்தாள். பிறகு பத்து வருடம் அதுதான் அவளுடைய இடம்.

காரோடு வந்த அலோய் வீல்கள் ஒவ்வொன்றாக வெடித்தன. இறக்குமதித் தடை இருந்த காலம். புதுசாக எதுவும் வராது, பஞ்சிகாவத்தைக் கடைகளில் பழையதைத் தேடித்தான் எடுக்க வேண்டும். அவளும் வந்தாள். அப்போதே நாரியில், முதுகு முடிகிற இடத்தில், கையை ஊன்றிக்கொண்டுதான் நடந்தாள். நாள் முழுக்கக் கரும்பலகைக்கு முன்னால் நிற்பதால் வந்த நோ என்று இரண்டு பேரும் முடிவு கட்டி எண்ணெய் பூசிக்கொண்டிருந்தோம்.

கடைக்கார நானா இரண்டு செட்டை உருட்டிக்கொண்டு வந்தார். ஒன்று பதினாலு இஞ்சி விட்டம், சாதாரண வீல், தடித்த டயர். மற்றது பதினாறு இஞ்சி. மெல்லிய கம்பிகள் விரிந்த சாம்பல் நிறம், டயரின் பக்கச்சுவர் நாலு விரல் அகலம்தான். எனக்கு வாயூறியது.

"சேர், இது பாக்க நல்லா ஈக்கும்" என்றார் நானா. "ஆனா டயர்ல காத்துக்கு எடமில்ல. ரோட்டுல ஈக்கிற கல்லெல்லாம் முதுகுக்குச் சலாம் செல்லும்."

"நானா, இது ஸ்போர்ட்ஸ் கார், மாட்டு வண்டில் இல்லை" என்றேன். எனக்கு யாரும் கார் படிப்பிப்பது பிடிக்காது.

அவள் வீலைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். "பெரிசையே எடுங்கோ. கடைக்குள்ள வரேக்கையே உங்கட முகம் அதிலதானே ஒட்டிப்போச்சு."

அவள்தான் தெரிவு செய்தாள் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தேன். கோவில் வாசலில் நாலு தேசிக்காய் வைத்து, அந்த நாலு டயராலும் ஏறி நசித்தேன்.

மூன்று மாதம் போகவில்லை. நோவுக்கு வேறு பெயர் சொன்னார்கள். மார்பில் தொடங்கியது, ஒருவருக்கும் தெரியாமல் முதுகெலும்புக்கு வந்திருக்கிறது. பாமன்கடையால் போய்க் களுபோவிலக் கிளினிக்குக்கு வாரத்துக்கு ஒரு தரம், சில வாரம் இரண்டு தரம். காரில் போகும்போது அவள் இரண்டு உள்ளங்கையையும் சீட்டில் ஊன்றி, உடம்பைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தபடி இருப்பாள். என் வேகத்துக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து நான் சிரித்ததும் உண்டு.

ஒருநாள் சொன்னாள், "இஞ்சருங்கோ, இனி நாங்கள் ஓட்டோவில போவம். அங்க கார் விட இடமும் இல்லை."

எனக்குச் சுருக்கென்றது. "ஊர் முழுக்க இந்தக் காரைப் பாத்து வாய் பிளக்குது. உமக்குத்தான் இதைக் கண்ணில காட்டேலாது" என்றேன்.

"சக்களத்தியெண்டா அப்பிடித்தானே" என்று சிரித்தாள்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் நான் அவளோடு கதைக்கவில்லை. வருத்தக்காரியோடு. கார் ஒன்றுக்காக. இதை எழுதக் கை கூசுகிறது, ஆனாலும் எழுதத்தான் வேண்டும்.

அவள் ஓட்டோவில் போகத் தொடங்கினாள், நான் வீம்புக்குக் காரில் பின்னால் போனேன். அந்த நாட்களில்தான் முன்பக்கத்தில் ஒரு சத்தம் வந்தது. கொட்டாஞ்சேனையில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கிடம் கொண்டு போனேன். "நான் ஓட்டிப் பாக்குறேன், நீங்க அந்தப் பக்கம் ஏறுங்கண்ணே" என்றார். பத்து வருடத்தில் நான் அந்தச் சீட்டில் ஒருநாளும் இருந்ததில்லை. ஸ்டியரிங் பிடிப்பவனுக்குக் குழி வருவது முன்னமே தெரியும், கையும் காலும் தானாகத் தயாராகிவிடும். பக்கத்தில் இருப்பவருக்கு அது இல்லை. ஒடுங்கிய ஒழுங்கைக்குள் திரும்பியதும் ரோட்டின் முதல் கொங்கிரீட் மூட்டு என் நாரிக்குள் அடித்தது. பிறகு இரண்டாவது, மூன்றாவது. நல்ல முதுகு உள்ள எனக்கே பல்லு நெறுநெறுத்தது.

"என்னண்ணே, மொகம் மாறிப்போச்சு" என்றார் மெக்கானிக்.

நான் கீழே பார்த்தேன். என்னுடைய இரண்டு உள்ளங்கையும் சீட்டில் ஊன்றியிருந்தன. தேவாலய மதில் ஓரம் காரை நிற்பாட்டச் சொல்லிவிட்டு வாய்விட்டு அழுதேன்.

அடுத்த நாளே பஞ்சிகாவத்தைக்குப் போனேன். நாலு நாள் அலைந்தேன். பதினாலு இஞ்சி, நாலு துளை, தடித்த டயர், அவ்வளவுதான் எனக்கு வேண்டும். ஒன்றில் துளைகளின் இடைவெளி பொருந்தாது, இன்னொன்று பிரேக்கில் முட்டும். முதலில் பார்த்த அந்தச் செட்டை எப்போதோ யாரோ கொண்டுபோய்விட்டார்கள். கடைசியில் நானாவிடம் கிடைத்தது இந்த இரும்பு. யாருக்கு, ஏன் என்று அவரிடம் சொன்னேன். அன்றைக்கே நான் சொல்லவில்லையா என்று அவர் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கடையில் கிடந்த டயர் ஒவ்வொன்றையும் பெருவிரலால் அமர்த்திப் பார்த்தார். "தேஞ்சு ஈந்தாலும் பரவால்ல சேர், ரப்பர் மெதுவா ஈக்கணும். பழசு கல்லாகிடும்." ஏழெட்டைத் தள்ளிவிட்டு நாலைப் பொறுக்கித் தந்தார். காற்றையும் கொஞ்சம் குறைத்து அடிக்கச் சொன்னார்.

சனிக்கிழமை நாலு வீலையும் காரில் பூட்டினேன். ஞாயிறு பின்னேரம், காலையிலிருந்து கட்டிலில் படுத்திருந்தவளிடம் போய், "ஒருக்கா ஏறிப் பாரும், நொந்தா உடன திரும்புவம்" என்றேன். கெஞ்ச வேண்டி வரும் என்று நினைத்தேன். "ஓம், போவம்" என்றாள். லிப்ட்டில் இறக்கி, அணைத்துத் தூக்கிக் கொண்டுவந்து சீட்டில் இருத்தினேன். கால்களை நான்தான் தூக்கி உள்ளே வைத்தேன். பாரமாக வந்தன. மருந்துக் களைப்பு என்று நினைத்தேன்.

மரைன் டிரைவில் மெதுவாகப் போனோம். கடல் இரைந்தது, ரயில் ஒன்று எங்களைக் கடந்து போனது.

"நோகுதே?"

"இல்லை."

அவளுடைய கைகள் இரண்டும் மடியில் சும்மா கிடந்தன. அதைப் பார்த்ததும் எனக்குத் தலைகால் தெரியவில்லை. டயருக்குள் இருக்கிற காற்று எப்படி அடியை வாங்கிக்கொள்கிறது என்று வகுப்பு எடுக்கத் தொடங்கிவிட்டேன். ஓம் ஓம் என்று கேட்டுக்கொண்டு வந்தாள். ஒழுங்கை ஒன்றில் சாக்கடைக் கான் மூடி உடைந்து கிடந்தது. அதற்கு மேலால் வேண்டுமென்றே விட்டேன், டயரின் திறத்தைக் காட்டுவதற்கு.

"இப்ப?"

"நோகேல்லை எண்டுறன். இன்னொருக்காப் போவமே" என்று கண்ணாடியை இறக்கினாள். மூன்று தரம் போய் வந்தோம். அவளுடைய தலைமயிர் திரும்ப முளைத்துக் கட்டையாக இருந்தது, காற்றில் அது எழும்பி நின்றது. நான் அந்த வருடத்தில் சந்தோசமாக இருந்தது அந்த ஒரு பின்னேரம்தான்.

அடுத்த நாள் கிளினிக். டாக்டர் அவளுடைய உள்ளங்காலில் ஊசி நுனியால் தொட்டார். பிறகு முழங்காலில், பிறகு இடுப்பில். அவள் மேலே பார்த்துக்கொண்டு கிடந்தாள், எந்த இடத்திலும் முகம் சுளிக்கவில்லை. எப்போதிலிருந்து இப்படி உணர்ச்சி இல்லை என்று டாக்டர் கேட்டார். நேற்றுக் காலையிலிருந்து என்று சொன்னாள். நேற்றே கொண்டுவந்திருந்தால் ஏதாவது செய்து பார்த்திருக்கலாம் என்றார் அவர், என்னைப் பார்த்து.

அவர் போனபிறகு, "ஏனம்மா எனக்குச் சொல்லேல்லை?" என்று கேட்டேன்.

"நாலு நாளா அந்த வீலுக்கு அலைஞ்சனீங்கள்" என்றாள். "சொன்னா ஆஸ்பத்திரிக்கெல்லோ கொண்டு ஓடியிருப்பியள்."

அதற்குப் பிறகு அவள் எந்த வாகனத்திலும் நிமிர்ந்து இருந்தபடி போகவில்லை, படுத்துத்தான் போனாள். பாவி, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம். அந்தப் பின்னேரம் முழுக்க நோகுதா, நோகுதா என்றுதான் கேட்டுக்கொண்டு வந்தேன்.