முதுகுப் பையில் இருந்த தண்ணீர்

என் மாமியார் தண்ணீர் குடிக்கும்போது பாத்திரம் உதட்டில் படாது. அண்ணாந்து ஊற்றிக்கொள்வார், ஒரு சொட்டு சிந்தாது. கல்யாணமான புதிதில் கோபிச்செட்டிபாளையத்து வீட்டில் நான் ஒரு டம்ளரில் வாய் வைத்துக் குடித்துவிட்டேன். வந்திருந்த சொந்தக்காரர்கள் முன்னால் என் சிவப்பு நகப்பாலிஷையே கேட்டு வாங்கி, டம்ளரின் அடியில் ஒரு பொட்டு வைத்தார். "இது உனக்கு. மத்ததுல வாய் வெக்காத கண்ணு" என்றார். கண்ணு வேறு! ஆறின கஞ்சி பழங்கஞ்சி என்பார்கள். பதினாறு வருஷமாக நான் அதை ஆறவே விடவில்லை.

போன வருஷம் ஆறு மாத விசாவில் எங்களோடு இருக்க அமெரிக்காவில் பிளானோவுக்கு வந்தார். மே கடைசியில் ஒரு லாங் வீக்எண்டுக்கு மேற்கு டெக்சாஸில் ஒரு கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போனோம். சிவந்த பாறைச் சுவர்களைப் பார்த்து, "நம்மூரு செங்கச் சூளையாட்ட இருக்குது" என்றார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒத்துக்கொள்ளவில்லை.

டிரெயிலில் இரண்டு மைல் நடந்ததும், பக்கவாட்டில் ஒரு கிளைப் பள்ளத்தாக்கு பிரிந்தது. மகளுக்கு அதற்குள் போய்ப் பார்க்க வேண்டும். "அம்மாவுக்கு முட்டி வலிக்குது. நீ கூட இரு, அரை மணி நேரத்துல வந்தர்றோம்" என்று கணவர் அவளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். நாங்கள் இருவரும் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்தோம்.

அங்கே காற்று சும்மா இருக்காது. அத்தை அண்ணாந்து ஊற்றிய தண்ணீர் பாதி கன்னத்திலும் சேலையிலும் போனது. மூன்று தடவை அப்படி. "இன்னிக்கு ஒரு நாள் வாய் வெச்சுக் குடிங்க" என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பாட்டில் காலியானது.

என் முதுகுப் பைக்குள் ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்ப் பை, அதில் ஒரு லிட்டருக்கு மேல் இருந்தது. அதிலிருந்து தோள் வழியாக ஒரு குழாய் வரும். நுனியைக் கடித்து உறிஞ்ச வேண்டும். காலையிலிருந்து என் வாய்க்குள் போய் வந்த நுனி. ஜிப்பைத் திறந்தால் உள்ளே அகலமான மூடி உண்டு. திருகி அவர் பாட்டிலில் ஊற்றிக் கொடுக்கலாம். அது அவருக்குத் தெரியாது.

ஒரு மணி நேரமாகியும் போனவர்கள் வரவில்லை. நிழல் எங்கள் கால்வரை சுருங்கிவிட்டது. அத்தையின் உதடு வெளுத்திருந்தது.

"தண்ணி இருக்குதா கண்ணு?"

"இருக்குங்க அத்தை." குழாயை நீட்டினேன்.

அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "வேண்டாம். அவன் வந்தரட்டும்."

அவர் பார்க்கும்படி நான் குடித்தேன். எனக்குத் தாகமே இல்லை. இன்னும் கொஞ்ச நேரம் கழித்துக் கையை நீட்டினார். குழாயை வாயில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் வரவில்லை.

"கடிச்சு உறிஞ்சுங்க அத்தை" என்றேன்.

கடித்து உறிஞ்சினார். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. இப்போது பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது.

போனவர்கள் வந்து, எல்லோரும் பார்க்கிங்குக்குத் திரும்பியதும் கணவர் என் பையின் மூடியைத் திருகி, மிச்சத் தண்ணீரைத் தன் அம்மாவின் பாட்டிலில் ஊற்றினார். அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"இதுக்கு மூடி இருக்குதா?" என்று கேட்டார். மகனிடம் அல்ல, என்னிடம்.

"இருக்குங்க அத்தை."

"உனக்கு அங்கயே தெரியுமா?"

"தெரியுங்க."

"என்னம்மா?" என்றார் கணவர்.

"ஒண்ணுமில்ல சாமி."

மகனிடம் சொல்வார், சண்டை வரும் என்று பதில்களைத் தயார் செய்து வைத்திருந்தேன். சொல்லவேயில்லை. இரண்டு நாள் கழித்துப் பேத்தியிடம் நகப்பாலிஷ் கேட்டார்.

"விச் கலர், பாட்டி?"

"செவப்பு சாமி."

மறுபடியும் எனக்கா என்று கொதித்துப்போய்க் கிச்சனுக்கு ஓடினேன். தான் காபி குடிக்கும் டம்ளரைக் கவிழ்த்து, அடியில் பொட்டு வைத்து ஊதிக்கொண்டிருந்தார்.

"இது எனக்கு. மத்ததெல்லாம் நீங்க பொழங்கிக்குங்க கண்ணு" என்றார்.

ஊருக்குப் போகும்வரை அதில்தான் குடித்தார். வாய் வைத்து.