சேலைக் கடையில் நான் விசாரித்த நலம்

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு ஐப்பசி மாதம், ஆரணியில் நடந்தது இது. அப்போது நான் லேப் டெக்னீஷியன். பாலியல் தொழில் செய்யும் பெண்களிடையே எச்.ஐ.வி. எந்த அளவுக்கு இருக்கிறது என்று கண்டறியும் கணக்கெடுப்பில் ரத்தம் எடுப்பது என் வேலை. பெயர் கேட்க மாட்டோம். குழாயில் எண் மட்டும் ஒட்டுவோம். வருகிற ஒவ்வொருவரிடமும், "பயப்படாதீங்க, வெளியில ஒருத்தருக்கும் தெரியாது" என்று சொல்வது நான்தான்.

ஒரு அக்காவுக்கு நரம்பே அகப்படவில்லை. மூன்று முறை குத்தினேன். அவர் முகம் சுளிக்காமல் எனக்கே தைரியம் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, தங்கையின் கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போன கடையில் அவரைப் பார்த்தேன். பார்த்த சந்தோஷத்தில் என் வாய் முந்திக்கொண்டது.

"அக்கா, கை வலி போச்சாக்கா? அன்னிக்கு ரத்தம் எடுக்கறப்ப ரொம்பப் படுத்திட்டேன்!"

அவர் முகம் வெளிறிப்போனது. பக்கத்தில் அவர் மகளும், மகளுக்குப் பார்த்திருந்த மாப்பிள்ளையின் அம்மாவும் இருந்தது எனக்கு அப்புறம்தான் புரிந்தது.

"இன்னா சம்பந்தி, ரத்தமா? உடம்புக்கு இன்னா?" என்றார் அந்த அம்மா.

"ஒண்ணுமில்ல சம்பந்தி, சுகர் டெஸ்ட்டு. கேம்ப் போட்டிருந்தாங்க" என்றார் அக்கா.

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். "எங்கேம்மா கேம்ப்பு? நானும் பாக்கணும்னு சொல்லிகினே இருக்கேன்."

"அது... முடிஞ்சிடுச்சுங்க" என்று உளறிவிட்டு நகர்ந்தேன்.

நான் செருப்பு மாட்டும்போது அக்கா பின்னாலேயே வந்தார். கோபப்படவில்லை. "யாருக்கும் தெரியாதுன்னு நீதானம்மா சொன்னே?" என்று மட்டும் மெதுவாகக் கேட்டார். நான் மன்னிப்புக் கேட்பதற்குள் உள்ளேயிருந்து கூப்பிட்டார்கள். முகத்தில் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு போய்விட்டார்.

அக்கா மகளின் கல்யாணம் நல்லபடியாக நடந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். ஆனால் கடையில் நடந்தது அக்காவின் தொழிலில் இருந்தவர்களுக்குள் காதோடு காதாகப் பரவி, வருவதாகச் சொல்லியிருந்த அவருடைய தோழிகள் ஒருவரும் ரத்தம் கொடுக்க வரவில்லை. ஏன் வரவில்லை என்று மேலதிகாரி கேட்டார். "மழையா இருக்கும் சார்" என்றேன். உண்மையைச் சொல்ல அப்போதும் எனக்கு வாய் வரவில்லை.

ரத்தம் கொடுத்தவர்களில் யாராவது இப்போது எதிரே வந்தால், அவர்களாகப் பேசும்வரை நான் பேசுவதில்லை. அந்தச் சின்ன மரியாதையைக் கற்றுக்கொள்ள ஒரு தாயின் நிம்மதியைப் பணயம் வைத்தேனே என்பதுதான் இன்றும் என்னைக் கூசவைக்கிறது.