அப்பாவின் நோய்க்கு நாங்கள் வைத்த பெயர்

எங்கள் அப்பா வயிற்றில் புற்று வந்து செத்தார். ஊருக்கு மஞ்சள்காமாலை என்று சொன்னோம். புற்று வந்த வீட்டில் பெண் எடுக்க யோசிப்பார்கள். அப்போது அக்காவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் கல்யாணம் முடிந்த பிறகும் அந்தப் பேச்சை யாரும் மாற்றவில்லை.

நான் எட்டாவதோடு படிப்பை விட்டவன். எந்த ஊரிலும் நிலைத்ததில்லை. வேறு வேலை கிடைக்காதபோது கல்வராயன் மலைக்கு வந்து அண்ணனோடு மரவள்ளிக்கிழங்கு பிடுங்குவேன். லாரி நிறையும்வரை சோறு கிடையாது. பசி தெரியாமலிருக்கக் கன்னத்தில் போயிலை அடக்கிக்கொள்வோம். பிறகு பழைய கஞ்சியும் சுட்ட கருவாடும். கருவாட்டை அலசினால் அண்ணனுக்குப் பிடிக்காது.

"உப்பு போயிட்டா அதுல இன்னாடா இருக்குது? உன் மூஞ்சி மாதிரி ஆயிடும்" என்பான்.

நெஞ்செரிச்சலுக்குப் பெட்டிக்கடை சோடா. ஏப்பம் வந்தால் வாயு போய்விட்டது என்று மறுபடி மூட்டையைத் தூக்குவான்.

சோறு இறங்காமல் போனதும் சங்கராபுரத்தில் ஒரு டாக்டரைப் பார்த்திருக்கிறான். குடும்பத்தில் யாருக்காவது வயிற்றில் புற்று இருந்ததா என்று அவர் கேட்டிருக்கிறார். இல்லை என்று சொல்லிவிட்டு மாத்திரையோடு வந்துவிட்டான். அப்போது அவன் மகளுக்குச் சம்பந்தம் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் குடகில் மிளகு பறித்துக்கொண்டிருந்தேன்.

மகள் கல்யாணம் முடிந்து, அவன் கறுப்பாக வாந்தி எடுத்த பிறகுதான் கள்ளக்குறிச்சிக்கு அழைத்துப்போனேன். அங்கிருந்த டாக்டரம்மாவும் அதையே கேட்டார்.

"இல்லீங்க" என்றான் அண்ணன்.

"எங்க அப்பா அதுலதாங்க செத்தாரு" என்றேன்.

போயிலை, உப்புக் கருவாடு எல்லாவற்றையும் விசாரித்தார். எல்லாமே வயிற்றைக் கெடுப்பவை, அப்பாவுக்கும் இருந்ததென்றால் பயம் இன்னும் ஜாஸ்தி என்றார். சங்கராபுரத்திலேயே சொல்லியிருந்தால் அப்போதே வயிற்றுக்குள் குழாய் விட்டுப் பார்த்திருப்பார்களே என்றார். இப்போது விட்டுப் பார்த்ததில், அறுத்து எடுக்கும் கட்டத்தைத் தாண்டியிருந்தது. கூடப் பிறந்தவர்களும் பிள்ளைகளும் வந்து பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

வெளியே வந்ததும் அண்ணன் என்னைத் திட்டினான். "வாய வெச்சிக்கினு சும்மா இருக்க மாட்டியா? சம்பந்தி வூட்ல தெரிஞ்சா பொண்ண அனுப்பிடுவாங்கடா."

நைனார்பாளையத்தில் வாழ்க்கைப்பட்ட மகள் பார்க்க வந்தபோது அண்ணி, "அல்சர்தாம்மா" என்றாள். மகள் நம்பவில்லை. நான் குழாயடியில் கை கழுவும்போது பின்னாலேயே வந்தாள்.

"சித்தப்பா, அல்சருக்கா ஆளு இப்படி எளைப்பாரு? எங்க மாமியா கேக்குறாங்க, நான் இன்னா சொல்றது?"

தாத்தாவையும் சேர்த்துச் சொன்னேன். அவள் அழுதுவிட்டுப் போனாள்.

பத்து நாள் கழித்து அவளும் நானும் டாக்டரம்மாவிடம் காட்டப் போனோம். அவள் புருஷனும் வந்திருந்தான். குடும்பத்தில் யாருக்காவது என்று டாக்டரம்மா ஆரம்பிப்பதற்குள் அவனே சொன்னான்: "இவங்க தாத்தாவுக்கும் இருந்துச்சிங்க, எங்க மாமாவுக்கும் இருக்குதுங்க. நல்லா பாத்துடுங்க."

இவனுக்குப் பயந்துதான் அண்ணன் சங்கராபுரத்தில் இல்லை என்று சொல்லியிருந்தான்.